நான் திட்டியது எந்த நித்தியமல்லியை?

யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சரியாகத் தெரியாமலேயே கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்தேன். ஒருவேளை யாரிடமும் கேட்க வேண்டியதில்லையோ, என்னை ஏமாற்றியவர்களைத்தான் தேடிப் போகிறேனோ என்ற சந்தேகமும் விமானம் இறங்கும்வரை கூடவே வந்தது.

எனக்கு ஈப்போவில் ஒரு பாத்திரக் கடை. தோசைக்கல், இடியாப்ப உரல், புட்டுக்குழாய், மேசைமேல் வைக்கும் கிரைண்டர் என்று நம் சமையலறைக்கு வேண்டியவற்றை விற்கிறேன். இரண்டு வருடங்களாக என் கைப்பேசியில் சின்னச் சின்னக் காணொளிகள் எடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டு வருகிறேன். அதைப் பார்த்துத் தைப்பிங்கிலிருந்தும் கம்பாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

போன வருடம் யாரோ எனக்கு ஒரு மின்நூலை அனுப்பினார்கள். கைப்பேசியிலேயே படிக்கக்கூடிய பத்துப் பன்னிரண்டு பக்கங்கள், கிரைண்டர் கல்லைப் பற்றி. விளம்பரம் மாதிரியே இல்லை. ‘புதுக்கல் வந்த அன்னிக்கே நம்ம வேலையைச் செய்யாது. நம்ம ஊட்டு அரிசி அதுக்குப் பழகணும்’ என்று ஆரம்பித்தது. முதல் மூன்று அரைப்பைக் கீழே ஊற்றிவிடச் சொன்னது. கல்லைக் கழுவும்போது எந்த நாரைத் தொடக்கூடாது என்று சொன்னது. எழுதியவர் பெயர் இல்லை. கீழே ‘நித்தியமல்லி கிரைண்டர்’ என்று மட்டும் இருந்தது. எனக்கு அந்த எழுத்து பிடித்துவிட்டது. அந்தப் பெயரைத் தேடினேன், ஒரு பக்கம் வந்தது, பன்னிரண்டு கிரைண்டர்கள் வரவழைத்தேன்.

பன்னிரண்டும் வந்த வேகத்தில் விற்றன. பத்து நாளில் இரண்டு திரும்பி வந்தன. மாவு சாம்பல் நிறத்தில் இருக்கிறது, பல்லில் மணல் கடிபடுகிறது என்றார்கள். ஒன்றைக் கடையிலேயே போட்டு அரைத்தேன். உண்மைதான். எனக்கு வந்த கோபத்தில் அந்த மாவை இரண்டு விரலால் தடவிக் காட்டி, பன்னிரண்டும் குப்பை, நித்தியமல்லி என்ற பெயரைக் கண்டால் ஓடிவிடுங்கள் என்று ஒரு காணொளி போட்டேன்.

நான் போட்ட எந்தத் தோசைக்கல்லும் அவ்வளவு தூரம் போனதில்லை. சிங்கப்பூரிலிருந்து பேசினார்கள். பாலக்காட்டிலிருந்து பேசினார்கள். மூன்று வாரம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. நிதானமான பெண்குரல்.

“ஏனுங்க அம்மணி, நான் சிங்காநல்லூர் நித்தியமல்லி பட்டறையில இருந்து ஜெயலட்சுமி பேசுறனுங்க. நீங்க திட்டுன கிரைண்டரு எங்களுது இல்லீங்க. ஆனா திட்டு மட்டும் எங்க ஊட்டுக்கு வந்துட்டே இருக்குதுங்க.”

காணொளியை உடனே எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் அதைப் பலர் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். நான் சரக்கு வாங்கிய பக்கத்துக்கு எழுதிக் கேட்டேன். ‘நாங்களே அசல், மற்றவர்கள் போலி’ என்று பதில் வந்தது. ஜெயலட்சுமியின் பக்கத்தையும் தேடிப் பார்த்தேன். இரண்டு பக்கங்களிலும் அதே படங்கள், அதே மின்நூல். தீபாவளிக்குச் சரக்கு எடுக்க எப்படியும் யாரிடமாவது போக வேண்டும். நேரில் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

முதல் நாளே வரைபடம் காலை வாரியது. டாக்சி ஓட்டுநர், கைப்பேசி காட்டிய வழியில் போய்ச் சிங்காநல்லூர்க் குளக்கரையில் நிறுத்தினார். எதிரே தண்ணீரும் நாணலும், கழுத்து நீண்ட சில பறவைகளும் இருந்தன. கிரைண்டர் செய்கிற இடம் மாதிரி எதுவும் இல்லை.

“இங்கதானுங்க காட்டுது,” என்றார் ஓட்டுநர், குளத்தின் நடுவே கையை நீட்டி.

இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர், இந்த மாதத்தில் இப்படி வந்து நிற்கிற மூன்றாவது வண்டி இது என்றார். அவரிடம் ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். ஈப்போவில் இளநீரில் ஐஸ் போட்டுத்தான் பழக்கம். இங்கே கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிறகு ஜெயலட்சுமிக்குப் போன் செய்து, ஓட்டுநரிடம் கொடுத்து, மில் சுவரை ஒட்டிய ஒரு சந்துக்குள் போய்ச் சேர்ந்தோம்.

ஜெயலட்சுமியின் கணவர் ராஜகோபால் வாசலுக்கே வந்தார். அறுபதை நெருங்குகிற மனிதர். கையெல்லாம் கல்தூள். பட்டறை குளத்தில் இருப்பதாகக் காட்டுகிறதே என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அது தன் வேலைதான் என்றார். என் காணொளிக்குப் பிறகு அந்த வரைபடத்தில் அவர்கள் பட்டறையின் பெயருக்குக் கீழே முகம் தெரியாதவர்கள் எல்லாம் வந்து திட்டி எழுதிவிட்டுப் போனார்களாம். அழிக்க முயன்றிருக்கிறார். அழிக்க வழி தெரியவில்லை. இடத்தை நகர்த்த மட்டும் வழி தெரிந்திருக்கிறது.

“கொண்டுபோய்க் கொளத்துல போட்டுட்டனுங்க,” என்றார்.

நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அன்று முழுவதும் எனக்கு அதே நிலைதான். உட்காருங்க, காப்பி குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க, பேனுக்குக் கீழ வாங்க என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லாச் சொல்லின் நுனியிலும் ஒரு ‘ங்க’. அவ்வளவு மரியாதைக்குள் கோபம் எங்கே இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எங்கள் ஊரில் கோபம் என்றால் குரலிலேயே தெரிந்துவிடும்.

மோட்டார் மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து வந்து என்னைப் பார்த்தாள். “இவங்கதானுங்களா?” என்று ஜெயலட்சுமியிடம் கேட்டாள். ஆமாம் என்றதும் திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தாள். பாலக்காட்டில் இரண்டு கடைக்காரர்கள் சரக்கு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள், அதனால் இங்கே வேலை பார்க்கிற ஆறு பேருக்கும் இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்பதை ராஜகோபால் பிறகு சொன்னார். குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். மதியம் அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும் அப்பளமும் போட்டார்கள். அவ்வளவு ருசியான சாப்பாட்டை அவ்வளவு சிரமப்பட்டு நான் விழுங்கியதில்லை.

சாப்பிட்ட பிறகு ஜெயலட்சுமி ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். நான் படித்து மகிழ்ந்த அந்த மின்நூல் முழுவதும் அதில் நீல மையில் இருந்தது. அடித்து, திருத்தி, ஓரத்தில் சேர்த்து. அவர்தான் எழுதியவர். கிரைண்டர் வாங்கிப் போகிறவர்கள் எல்லாம் போனில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களே என்று எழுதி, தெரிந்த ஒருவர் மூலம் மின்நூலாக்கி, வாங்குகிறவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். முதல் முறை ‘ஊறவைத்த அரிசி’ என்பதை ‘ஊரவைத்த அரிசி’ என்று எழுதிவிட்டாராம். ஒரு தமிழாசிரியர் போன் செய்து கண்டித்ததும் திருத்திவிட்டார். நான் என் கைப்பேசியைத் திறந்து அந்த இன்னொரு பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். அங்கே அரிசி ஊரவைத்தபடியே இருந்தது.

இதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்று நினைத்தேன். இவர்கள்தான் அசல். பிரச்சினை முடிந்தது. அந்த நிம்மதியில், திரும்பி வந்த கிரைண்டரின் கல்லை நான் எடுத்திருந்த படங்களை ராஜகோபாலிடம் காட்டினேன்.

அவர் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். அது அவர்கள் வீட்டுப் பேச்சு. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்தும் வீட்டுக்குள் தெலுங்குதான். ஜெயலட்சுமி பதில் சொன்னார். அவர் மறுத்தார். இருவரின் குரலும் கொஞ்சம் ஏறியது. எனக்குப் புரிந்தது ‘கிரஷர்’, ‘லாரி’, ‘ரெட் பெயிண்ட்’ என்ற மூன்று சொற்கள் மட்டும். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார் ஜெயலட்சுமி, என் முகத்தைப் பார்க்காமல்.

போன நிம்மதி திரும்பி வரவில்லை. மாலையில் விடுதிக்குப் பக்கத்தில் தள்ளுவண்டிக் கடையில் கூட்டமாக இருந்ததைப் பார்த்து நானும் ஒரு தட்டு காளான் வாங்கினேன். சிவப்பாக, காரமாக, மேலே வெங்காயம் தூவி அருமையாக இருந்தது. பாதி தின்ற பிறகுதான் அதில் முக்கால்வாசி முட்டைக்கோஸ் என்று தெரிந்தது. பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அது எல்லாருக்கும் தெரியுமுங்க, ஆனா பேரு காளான்தானுங்க என்றார். இந்த ஊரில் ஒரு பெயரை எந்த அளவுக்கு நம்புவது என்ற குழப்பத்தோடு தட்டைக் காலி செய்தேன்.

இரண்டாம் நாள் காலை ஜெயலட்சுமியே விடுதிக்கு வந்துவிட்டார். சரக்கோடு எனக்கு வந்த சீட்டைக் காட்டச் சொன்னார். அனுப்பியவர் முகவரியில் பெருந்துறை என்று தெளிவாக இருந்தது. சிங்காநல்லூர் இல்லை. காணொளி எடுப்பதற்கு முன் நான் ஒரு தடவை அந்தச் சீட்டைப் படித்திருந்தால் போதும். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “போய்ப் பார்த்துப்போட்டு வந்துரலாமுங்க,” என்றார்.

காந்திபுரத்தில் ஈரோடு என்று பலகை போட்ட பேருந்தில் ஏறினோம். எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார். வழியில் தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில் பட்டறைக் கணக்குப் பக்கமே அவரை விடவில்லையாம். மின்நூல் எழுதிய பிறகுதான் போனில் ஆட்கள் ‘அந்த அம்மாகிட்டக் குடுங்க’ என்று கேட்க ஆரம்பித்தார்களாம். என் கடைக்கும் அப்படித்தான், காணொளி வந்த பிறகுதான் என் முகம் தெரியும் என்றேன்.

பெருந்துறைக்கு முன் நடத்துநர் திடீரென்று, வண்டி ஊருக்குள் போகாது, பைபாஸில் இறங்குங்கள் என்றார். ஏறும்போது சொல்லவில்லையே என்று ஜெயலட்சுமி கேட்டார். நீங்க கேக்கலீங்களே என்று அவர் பதில் சொன்னார். மேம்பாலத்துக்குக் கீழே வெயிலில் இறக்கிவிடப்பட்டோம். லாரிகள் போகிற புழுதியில் வெகுநேரம் நின்று ஓர் ஆட்டோ கிடைத்தது. தொழிற்பேட்டையைத் தாண்டி, மூன்று பேரிடம் வழி கேட்டு, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம்.

ஒரு பெரிய மோசடிக்காரனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். வந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெலிக்ஸ். சுவரில் சின்னதாக ஒரு மாதா படம், அதற்கு ஒரு நீல விளக்கு. முன்பு நூல் மில்லில் மெக்கானிக்காக இருந்தவர், இரண்டு வருடமாகச் சொந்தமாகப் பாகங்களைப் பூட்டிக் கிரைண்டர் செய்து விற்கிறார். மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் சரக்கு கடல் தாண்டிப் போனது அந்த ஒருமுறைதானாம். தேங்காய் பன்னும் டீயும் வாங்கிவந்து வைத்தவரை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னோம்.

அவர் என் காணொளியைப் பார்த்ததே இல்லை. அசல், போலி என்று எனக்கு வந்த பதிலைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

“இதை எழுதுனது ஆருங்க?” என்று என்னையே கேட்டார்.

கதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஈரோட்டில் கடைகளுக்கு இணையப் பக்கம் நடத்திக் கொடுக்கிற ஒருவரிடம் பெலிக்ஸ் போயிருக்கிறார். புதிதாக ஆரம்பித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், ஏற்கெனவே ஆட்கள் தொடர்கிற பக்கம் ஒன்று இருக்கிறது, பெயரோடு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கொடுத்ததுதான் இந்த நித்தியமல்லி. படங்களை எங்கிருந்து எடுத்தார்கள், மின்நூலை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பெலிக்ஸுக்குத் தெரியாது. பக்கத்தின் கடவுச்சொல்கூட அவரிடம் இல்லை. ஆர்டர் வந்தால் ஈரோட்டிலிருந்து போன் வரும், இவர் பூட்டி அனுப்புவார்.

“பேரும் சேத்துத்தானுங்க வாங்குனேன். அந்தப் பேருக்கு ஓர் ஆளு இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லீங்க.”

அங்கேயே ஈரோட்டுக்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. பெலிக்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு வைத்துவிட்டார். “சண்டை நடந்தா நல்லதாமுங்க. ரீச் ஏறியிருக்குதாமுங்க, நெறையப் பேரு பாக்குறாங்களாமுங்க,” என்றார். அதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவருக்கும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இதற்குள் ஜெயலட்சுமி எழுந்து கொட்டகையின் பின்பக்கம் போயிருந்தார். அங்கே கற்கள் அடுக்கியிருந்தன. வட்டமான அடிக்கற்கள், இன்னும் டிரம்மில் பொருத்தாதவை. ஒன்றைப் புரட்டினார். அதன் அடிப்பக்கத்தில், பாதி தேய்ந்துபோன சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. இன்னொன்றைப் புரட்டினார். அதிலும் இருந்தது. குனிந்த நிலையிலேயே அப்படியே நின்றார். பெலிக்ஸ், அது லாட் நம்பர் மாதிரி ஏதோ குறி, வாங்கும்போதே இருந்தது என்றார். கல்லை எங்கே வாங்குகிறீர்கள் என்று ஜெயலட்சுமி கேட்டார். பல்லடம் பக்கம் ஒரு கல்வியாபாரியிடம், நல்ல சல்லிசு விலையில் என்றார் பெலிக்ஸ். ஜெயலட்சுமி டீயைக் குடித்தார். பன்னைத் தொடவில்லை.

திரும்பும் பேருந்தில்தான் நேற்றைய தெலுங்கை எனக்குத் தமிழில் சொன்னார். கல்லில் வெள்ளை நரம்பு ஓடியிருந்தால் அது அரைக்க அரைக்கப் பொடி உதிர்க்கும். அதைக் கண்டுபிடித்துக் கழிப்பது ஜெயலட்சுமியின் வேலை. கழித்த கல்லில் சிவப்புப் பெயிண்டில் குறி போடுவதும் அவர்தான். ஜல்லி உடைக்கிற கிரஷருக்கு என்று ஒரு லாரிக்காரர் அவற்றை அள்ளிக்கொண்டு போவார். என் படத்தைப் பார்த்ததும் ராஜகோபால், இது நம் கழிவுக்கல் மாதிரி இருக்கிறது என்றிருக்கிறார். இருக்காது, லாரி கிரஷருக்குத்தான் போகிறது என்று இவர் மறுத்திருக்கிறார். இப்போது தன் கைக்குறியையே பெருந்துறையில் பார்த்துவிட்டு வருகிறார்.

“உங்க கிரைண்டரு எங்களுது இல்லீன்னு அத்தனை தெம்பாச் சொன்னனுங்க. பேரு எங்களுது, எழுத்து எங்களுது, இப்பக் கல்லும் எங்களுதுங்க. அப்புறம் எதுங்க எங்களுது இல்லாதது?”

யார் யாரை ஏமாற்றினார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். லாரிக்காரர், கல்வியாபாரி, ஈரோட்டுக்காரர் மூவரையும் நான் பார்க்கவே இல்லை. பார்த்தவர்களோ எனக்குக் காப்பியும் டீயும் கொடுத்து உபசரித்தவர்கள். பேருந்து அவிநாசியைத் தாண்டியபோது, நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். பன்னிரண்டும் குப்பை என்று காணொளியில் சொன்னேனே, நான் போட்டு அரைத்துப் பார்த்தது ஒன்றுதான். திரும்பி வந்ததே இரண்டு. மற்றப் பத்தும் எப்படி இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

ஜெயலட்சுமி என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “பத்துப் பேருத்தையும் கேக்கவே இல்லீங்களா?” என்றார். இல்லை என்றேன். பிறகு அவர் கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பெலிக்ஸ் கட்டிக் கொடுத்த தேங்காய் பன். இருவரும் பிய்த்துத் தின்றுகொண்டே சிங்காநல்லூர் வந்தோம்.

மூன்றாம் நாள் பட்டறையில் வைத்தே ஒரு காணொளி எடுக்க முடிவு செய்தோம். என்ன சொல்வது என்பதில்தான் சிக்கல். பெயர் திருடப்பட்டது, நான் தவறான ஆளைத் திட்டிவிட்டேன் என்பதோடு நிறுத்தலாம் என்றார் ராஜகோபால். அதுவும் பொய்யில்லை. கழிவுக்கல் விஷயத்தை எதற்குச் சொல்ல வேண்டும், அதை யாரும் கேட்கவில்லையே என்றார். அவர் கவலை எனக்குப் புரிந்தது. ஆறு பேரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பாலக்காட்டுக் கடைகள் திரும்பி வர வேண்டும். நேரம் போகப் போக எனக்கே, மன்னிப்பைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடலாம் என்று தோன்றியது.

ஜெயலட்சுமி இந்தமுறை தெலுங்கில் பேசவில்லை. கணவரிடம் தமிழிலேயே, எனக்கும் மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“பன்னெண்டையும் பாக்காமச் சொன்னது அம்மணி தப்புன்னா, கல்லு எங்க போகுதுன்னு பாக்காம உட்டது நம்ம தப்புதானுங்க. ரெண்டையும் ஒண்ணாவே சொல்லிப்போடலாம்.”

ராஜகோபால் வெளியே போய் வாசலில் நின்றார். மோட்டார் மாட்டுகிற அந்தப் பெண்தான், வெளிச்சம் சரியில்லை என்று என் நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டாள்.

ஒரே மூச்சில் எடுத்தோம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். ஒன்றைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டைச் சொன்னதைச் சொன்னேன். ஜெயலட்சுமி நரம்பு ஓடிய கல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அது எப்படித் தங்களிடமிருந்து போயிருக்கிறது என்று சொன்னார். பெலிக்ஸின் பெயரைச் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது என்றார். கடைசியில் ராஜகோபாலும் உள்ளே வந்து, கேமராவில் விழாமல், ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே பக்கத்தில் போட்டேன். திட்டியதைப் பார்த்த கூட்டத்தில் சிறு பகுதிகூட இதைப் பார்க்க வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் என் சேலை எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டிருந்தார். ஒருவர், இவ்வளவு பேசுகிறீர்களே, கடைசியில் நித்தியமல்லி வாங்கலாமா கூடாதா என்று கேட்டிருந்தார். ஒருவர் இது எல்லாமே விளம்பரத்துக்காக நடத்துகிற நாடகம் என்று தீர்ப்பு எழுதியிருந்தார். நான் ஒவ்வொருவருக்கும் பதில் எழுத உட்கார்ந்து, பாதியில் விட்டுவிட்டேன்.

ராஜகோபால் வேறு வழியில் போனார். அந்தக் காணொளியை யார் பார்க்கிறார்கள் என்று காத்திருக்காமல், பாலக்காட்டுக் கடைக்காரர்கள் இருவருக்கும் நேராகவே அனுப்பிவிட்டுப் போனில் பேசினார். ஒருவர் மறுபடி சரக்கு எடுக்கிறார். இன்னொருவர், கழிவுக்கல்லை ஒழுங்காகக் கவனிக்காதவர்கள் மற்றதை எப்படிக் கவனிப்பார்கள் என்று கேட்டு ஒதுங்கிக்கொண்டார். உண்மையைச் சொன்னதற்கு விலை இல்லாமல் போகவில்லை. பட்டறையில் இப்போது ஐந்து நாள் வேலை.

ஈப்போவுக்கு வந்ததும் பத்துப் பேருக்கும் போன் செய்தேன். இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு முற்பகல்தான் ஆகியிருக்கும். நாலு பேர் வீட்டில் மாவு சாம்பல் நிறம். ஆறு பேர் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஒரு பெண்மணி, உன் பேச்சைக் கேட்டு நல்ல கிரைண்டரைத் தூக்கி ஸ்டோரில் வைத்துவிட்டேனே என்று என்னைத்தான் திட்டினார். கெட்டுப்போன ஆறு கல்லுக்கும் சிங்காநல்லூரிலிருந்து மாற்றுக்கல் வந்தது. பெலிக்ஸ்தான் பொருத்தும் முறையை எனக்குப் போனில் சொல்லிக் கொடுத்தார். இப்போது அவர் தன் பெயரிலேயே புதிதாகப் பக்கம் தொடங்கியிருக்கிறார். அதை ஒரு இருபது பேர் தொடர்கிறார்கள், நான் உட்பட. பழைய நித்தியமல்லி பக்கம் ஈரோட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. புகார் எழுதியிருக்கிறோம். அங்கே இப்போது இட்லித்தட்டு விற்கிறார்கள்.

போன வாரம் ஜெயலட்சுமி ஒரு காணொளி அனுப்பினார். ராஜகோபால் பெரிய சம்மட்டியால் ஒரு கல்லை ஓங்கி அடிக்கிறார், அது இரண்டாகப் பிளக்கிறது. கழித்த கல்லை இனி உடைத்த பிறகுதான் லாரியில் ஏற்றுகிறார்களாம். பின்னால் யாரோ கைதட்டுகிறார்கள். பார்க்க அருமையாக இருந்தது. இதைப் பக்கத்தில் போடலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசிப்பதாக எழுதியிருந்தார்.

இது பரவும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இத்தனை நாள் பழக்கம். ஆனாலும் ஏனோ ஒரு சந்தேகம். நிஜமாகவே உடைக்கும்போது எடுத்ததா, எடுப்பதற்காக உடைத்ததா என்று கேட்டேன்.

குரல்பதிவாகப் பதில் வந்தது. “அன்னிக்குக் கழிச்ச கல்லு நாலுங்க அம்மணி. நாலையும் அவரு உடைச்சு முடிச்சதுக்கப்புறம்தான் நான் போனை எடுத்துட்டு ஓடியாந்தேன். அதனால இன்னொண்ணு உடைக்கச் சொன்னனுங்க.” கொஞ்ச நேரம் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது. “அது நல்ல கல்லுங்க.”

போட வேண்டாம் அக்கா என்று எழுதினேன்.